தனிப்போதனையும் தனிமையும்

ஒரு குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்பது வசதியுள்ள வீட்டுச் சமாசாரம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. வீட்டுக்கு வரும் பாட்டு வாத்தியார், கணக்குக்கு வரும் ட்யூஷன் வாத்தியார் என்று நாம் கண்டிருக்கும் உருவங்கள் எல்லாம் பணத்தோடு சம்பந்தப்பட்டவை. புத்தி வளர்ச்சி தாமதப்பட்ட, கைகால் வசப்படாத, பேச்சு வராத குழந்தையோடு ஒருவர் தனியே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதோ மேற்கிலிருந்து மருத்துவத்தின் வழியாக வந்துசேர்ந்த புதுமை என்று கருதப்படுகிறது. இவ்விரண்டு எண்ணங்களையும் சரித்திரத்தின் முன் நிறுத்திப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கிறது. ஏனெனில் ஒருவருக்கொருவர் போதனை என்பது இன்று சட்டத்தில் இடம்பெற்றுவிட்ட உரிமை. உரிமையாக எழுதப்பட்ட அதுவே குழந்தையை வீட்டுக்குள் நிறுத்திவைக்கும் உபாயமாகவும் ஆகிவிடக்கூடும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

சிங்கப்பெருமாள் கோவிலை வாசகர்கள் பலரும் ரயிலில் கடந்திருப்பார்கள். செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் வரும் நிலையம். பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் எழுந்த நரசிம்மர் கோயில் ஊருக்குப் பெயர் தந்தது. ஊருக்கு இன்றைய முகத்தைத் தருவது இங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். பக்கத்துத் தெருக்களில் ஒரே கூரையின் கீழ் ஆறேழு வீடுகளாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அவற்றில் தென்மாவட்டத்துக்காரர்களும் ஒடிசா, பீகார்க் குடும்பங்களும். ஊர் காட்டாங்குளத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஒன்றியந்தோறும் ஒரு வட்டார வள மையம் உண்டு. அங்கிருந்து சிறப்பாசிரியர், பள்ளிக்கு வரமுடியாத நிலையில் இருக்கும் குழந்தைகளின் வீடுகளுக்கு முறைவைத்துப் போய்ப் பாடம் சொல்லித்தரவேண்டும் என்பது தமிழ்நாடு முழுவதற்குமான ஏற்பாடு. ஆசிரியர் வீடு தேடி வருகிறார், ஒரு குழந்தைக்காக. இந்தக் காட்சி எங்கிருந்து தொடங்குகிறது?

நம் திண்ணையிலிருந்து என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் திண்ணைப் பள்ளியின் வேலைமுறையை உற்றுக் கவனித்தால் மிகையில்லை என்பது தெரியும். புதிதாகச் சேர்ந்த குழந்தையின் முன் மணல் பரப்பப்படும். உபாத்தியாயரோ சட்டாம்பிள்ளையோ அதன் ஆள்காட்டி விரலைத் தன் கைக்குள் பிடித்து மணலில் எழுத்தை இழுப்பார். விரல் போகிற போக்கிலேயே வாய் எழுத்தின் பெயரைச் சொல்லவேண்டும். மணலிலிருந்து ஓலை, அரிச்சுவடியிலிருந்து எண்சுவடி. ஒவ்வொரு பையனுக்கும் அவனவன் சுவடி, அவனவன் இருக்கும் இடம். ஒருவன் ஆத்திசூடியில் இருப்பான், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பெருக்கல் வாய்பாட்டில் இருப்பான். வருஷ முடிவில் எல்லோரும் ஒருசேர மேலே ஏறவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. ஏறாதவனுக்கென்று ஒரு பெயரும் தேவைப்படவில்லை. எண்சுவடியில் இரண்டு வருஷம் இருந்தவன் எண்சுவடியில் இருக்கிறவன், அவ்வளவுதான்.

இதை ஒரு பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. திண்ணையில் பிரம்பு இருந்தது, உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடும் கோதண்டம் இருந்தது. மந்தமான பையனைப் பரிவோடு நடத்தினார்கள் என்று சொல்ல ஆதாரம் ஏதுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, திண்ணை யாருடைய வீட்டுத் திண்ணை என்ற கேள்வி இருக்கிறது. ஜாதியால் ஒதுக்கப்பட்ட குழந்தை அந்தத் தெருவுக்குள்ளேயே வரமுடியாது. பெண் குழந்தை வாசலுக்கு வரமுடியாது. சென்னை ராஜதானியின் பள்ளிகளைப் பற்றி கலெக்டர்களிடம் 1822-ல் கணக்குக் கேட்ட தாமஸ் மன்றோ, 1826 மார்ச் 10-ந் தேதிக் குறிப்பில் தொகுத்துத் தருகிறார்: 1,28,50,941 ஜனங்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்தக் கணக்கில் பெண் குழந்தைகள் வெகு சொற்பம். ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியமான எண் வேறொன்று. சென்னைப் பட்டணத்தில் வீட்டிலேயே கற்பிக்கப்பட்டவர்கள் என்று 26,903 பேர் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். பள்ளிக்குப் போனவர்களைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே சந்தேகப்படுகிறார். பாதியைத் தள்ளிவிட்டாலும், இருநூறு வருஷங்களுக்கு முன் இந்தப் பட்டணத்தில் கல்வி என்பது பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள், ஒரு பெரியவருக்கும் ஒரு குழந்தைக்கும் நடுவில் நடந்த விவகாரம் என்பது தெரிகிறது. தனிப்போதனை இங்கே புதிதல்ல. யாருக்கு அது கிடைத்தது என்பதில்தான் அதன் பழைய குற்றம் இருக்கிறது.

மணலில் வைத்த விரல் இதற்குள் ஒருமுறை கடல் தாண்டிப் போய்விட்டது. இந்தக் கதை தெரிந்ததுதான் என்றாலும் அதன் அர்த்தம் நம்மிடையே சரியாக யோசிக்கப்படவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஆன்ட்ரூ பெல் 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைகள் விடுதியின் மேற்பார்வையாளரானார். சோல்ஜர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பக்கத்துத் தமிழ்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தன் விடுதியில் புகுத்த நினைத்தார். அவருடைய உபாத்தியாயர்கள் இணங்கவில்லை. ஆகவே ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது பலித்தது. 1796-ல் ஊர் திரும்பி, அடுத்த வருஷம் லண்டனில் இந்தப் பரீட்சையைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவிற்று. அதே வழியில் நடந்த ஜோசப் லங்காஸ்டர், ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று சொல்லும் அளவுக்குப் போனார். பெல் தன் முறையை நீராவி எந்திரத்தோடும் நூற்பு எந்திரத்தோடும் ஒப்பிட்டார். குறைந்த உழைப்பில் நிறைய விளைச்சல் என்பது அவருக்குப் பெருமை.

இங்கே நடந்தது என்ன? திண்ணையில் ஒரு குழந்தையின் விரலைப் பிடித்த கை, எந்திரத்தின் உறுப்பாகிவிட்டது. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது திண்ணையில் அருகாமையால் விளைந்த பழக்கம். லண்டன் மண்டபத்தில் அது சிக்கனத்துக்கான உபாயம். ஒருவருக்கொருவர் போதனையின் சரித்திரத்தில் இந்தச் சிக்கனம் திரும்பத் திரும்ப வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். நல்ல காரியம், உண்மையான பயனும் இருந்தது. ஆனால் மனித அருகாமைக்கு நாம் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை என்ன என்பதையும் அந்தத் தொகை சொல்லிவிடுகிறது.

வகுப்பு என்ற அமைப்பு முழு உருவத்தில் நம்மிடம் திரும்பி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1854-ன் கல்வி அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு மானியம் வந்தது. அதைத் தொடர்ந்து, தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற முறையும் வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், ஸ்டாண்டர்டு வாரியாகப் பரீட்சை வைப்பார், தேறிய ஒவ்வொரு தலைக்கும் பள்ளிக்கு இவ்வளவு என்று பணம். இதில் திண்ணைகளும் சேர்ந்துகொண்டன. இதன் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. தேறாத குழந்தையின் விலை பூஜ்யம். இந்த மண்ணில் மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு முதல்முதலாக ரூபாய்க் கணக்கில் ஒரு மதிப்புப் போடப்பட்டது அப்போதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்று ஆனவுடன், அந்த இடத்தில் இல்லாதவன் ஒரு வகையாகிறான். ‘மக்கு’ என்பது வசவாக முன்பும் இருந்திருக்கும். வகுப்பறையில் அது ஒரு ஸ்தானமாயிற்று, கடைசி பெஞ்சு என்று அதற்கு ஒரு முகவரியும் கிடைத்தது. பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே 1905-ல் புத்தியை அளக்கும் சோதனையைத் தயாரித்ததும் இதே தேவையால்தான். சாதாரண வகுப்போடு சேர்ந்து ஓடமுடியாத பிள்ளைகளை அடையாளம் காண வழி வேண்டும் என்று பிரெஞ்சு அரசு கேட்டது. வகுப்பு முதலில் வந்தது, அதற்கு ஒவ்வாத குழந்தை அதன் பின்னால் வந்தது. மூளையின் குறைபாடுகள் எக்காலத்திலும் இருந்தவை. ‘படிக்க லாயக்கில்லாத குழந்தை’ என்பது சரித்திரத்தில் பிறந்த தேதி உள்ள ஒரு கருத்து.

மேற்கில் இதற்கு இணையாக வேறொரு கோடு ஓடுகிறது. 1800-ல் தெற்கு பிரான்ஸின் காட்டோரத்தில் பிடிபட்ட, பேச்சில்லாத ஒரு சிறுவன் பாரிஸின் செவிடர் நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டான். இவனுக்குக் கற்பிக்க முடியாது என்று அக்காலத்துப் பெரிய மருத்துவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இட்டார் என்ற இளம் டாக்டர் ஒப்பவில்லை. விக்டர் என்று பெயரிட்டு, ஐந்து வருஷங்களுக்குமேல் அந்த ஒரே பையனோடு பாடுபட்டார். பையன் சில எழுத்துக்களையும் சொற்களையும் பொருளோடு சேர்த்து அறிந்தான், பேசவே இல்லை. 1806-ல் இரண்டாவது அறிக்கையை எழுதிவிட்டு இட்டார் விலகிக்கொண்டார். ஃபிலிம் சொசைட்டிகளின் தயவில் ட்ரூஃபோவின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். 1970-ல் வந்த அந்தப் படத்தில் ட்ரூஃபோவே இட்டாராக நடித்தார். ஓடிப்போன பையன் திரும்பி வருகிறான், நாளைக்குப் பாடம் தொடரும் என்ற இடத்தில் படம் முடிகிறது. அழகான முடிவு. ஆனால் சரித்திரம் அங்கே முடியவில்லை. பாடம் நின்றபின் விக்டர் 1828-ல் சாகும்வரை அவனை வைத்துக் காப்பாற்றியவள் மேடம் கெரேன் என்ற பணிப்பெண். அறிக்கைகள் இட்டாருடையவை, அதன் பின்னான இருபத்திரண்டு வருஷங்கள் அவளுடையவை. தனிப்போதனையின் சரித்திரத்தை எழுதுகிற எவரும் இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்து எழுதவேண்டும். நாம் முதலாவதை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இட்டாரிடமிருந்து செகேன், செகேனிடமிருந்து மரியா மாண்டிசோரி. மாண்டிசோரி அம்மையார் டாக்டர். 1900-ஐ ஒட்டி ரோமில், புத்தி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடுதான் அவர் தன் வேலையைத் தொடங்கினார். அவர்களுக்காக உண்டாக்கிய சாதனங்களையும் முறைகளையும் 1907-க்குப் பிறகே மற்றக் குழந்தைகளுக்கு விரித்தார். அந்தச் சாதனங்களில் ஒன்று உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. குழந்தை அதன்மேல் விரலை ஓட்டி, அந்த ஒலியைச் சொல்லவேண்டும். 1939-ல் தியாசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் அவர் அடையாறுக்கு வந்தார். யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, சில வருஷங்கள் கொடைக்கானலில். எழும்பூரிலிருந்து மணலில் வைத்த விரலைப் பெல் எடுத்துப்போய் ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷம் கழித்து, உப்புத்தாளில் வைத்த விரல் அதே பட்டணத்துக்கு வந்துசேர்ந்தது. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததென்று நான் சொல்லவில்லை. கையும் கண்ணும் வாயும் ஒருசேர வேலைசெய்தால்தான் எழுத்து சில குழந்தைகளுக்குள் இறங்கும் என்பதை இரண்டு மரபுகளும் தனித்தனியே கண்டிருக்கின்றன. வேதனை என்னவென்றால், வகுப்பு ஒதுக்கிவிட்ட குழந்தைக்காகப் பிறந்த முறை இன்று நம் நகரங்களில் வசதியுள்ளவர்கள் பிள்ளையைச் சேர்க்கும் பள்ளியின் பெயர்ப்பலகையாக இருக்கிறது. யாருக்காக அது உண்டாயிற்றோ அந்தக் குழந்தைக்கு அந்தப் பள்ளிகளில் இடம் கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டில் இக்குழந்தைகளுக்கென்று பள்ளிகள் தோன்றியது 1890-களில், பாளையங்கோட்டையில். மிஷனைச் சேர்ந்த இரு பெண்கள், ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றவர்களுக்கும், ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்ஸன் அம்மையார் காது கேளாதவர்களுக்கும் தொடங்கிய பள்ளிகள். புத்தி வளர்ச்சிக் குறைவுள்ள குழந்தைகளுக்குச் சென்னையில் பாலவிகார் போன்ற ஒரு ஸ்தாபனம் உருவாக 1950-கள் ஆயிற்று. அதற்குப் பிந்தைய கட்டத்தின் சரித்திரம் அநேகமாகத் தாய்மாரின் சரித்திரம். 1985-ல் சென்னையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியின் பள்ளியைத் தொடங்கிய பூனம் நடராஜன் அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் தாய். அதுவே பின்னால் வித்யாசாகர் ஆயிற்று. 1989-ல் தியாகராயநகரில் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், ‘உபநயன்’ என்ற பெயரில் ஒரு பாடத்திட்டத்தைப் பரப்பியது. உடல் அசைவு, தன் வேலையைத் தானே செய்துகொள்வது, மொழி, அறிவு, பழகுமுறை என்று ஐந்து துறைகள், துறைக்கு 50 வீதம் 250 திறன்கள். எந்தக் குழந்தை எந்தத் திறனில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து அதற்கு மட்டுமான பாடம். திண்ணையில் அவனவன் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கியதன் மறுபிறவி என்றே இதைச் சொல்லலாம். இந்த முறையின் மையம், தாய் உடன்வந்து உட்கார்ந்து கற்று, வீட்டில் அதையே செய்வது.

இங்கேதான் நாம் தயங்கி நிற்கவேண்டும். தாய் ஆசிரியை ஆவதை ஒரு மகத்துவமாகப் பேசுவது நமக்குச் சுலபமாக வருகிறது. மேடம் கெரேனின் கணக்கு மறுபடியும் அழிக்கப்படுகிறது. ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஷிப்ட் போனால்தான் வாடகைக்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் சரியாக வரும். அந்த வீட்டில் தனியே விடமுடியாத ஒரு குழந்தை இருந்தால், ஒரு சம்பளம் நிற்கிறது. நிற்பது யாருடைய சம்பளம் என்று கேட்கவேண்டியதில்லை. ஊரில் இருந்திருந்தால் பாட்டி இருப்பாள், இங்கே அவளும் இல்லை. சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு மணியோ இரண்டு மணியோ வருகிறார் என்று வைத்துக்கொண்டாலும் மிச்ச மணிகள் தாயுடையவை. ஒடிசாவிலிருந்து வந்த குழந்தையானால் வருகிறவர் பேசுவது தமிழ், குழந்தை பிறந்ததிலிருந்து கேட்டது ஒடியா. பேச்சே கடினமாக இருக்கும் குழந்தைக்கு எந்த மொழியில் முதல் சொல்லைக் கொடுப்பது என்ற கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் எளிதாக இல்லை.

சட்டத்துக்கு வருவோம். 1995-ன் சட்டம், ஊனமுற்ற குழந்தைக்குப் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி என்றது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது இக்குழந்தைகளைப் பற்றித் தெளிவாகச் சொல்லவில்லை. 2012-ல் திருத்தம் வந்தது. பின்தங்கிய பிரிவினரில் அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். கூடவே, பல குறைபாடுகளோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் எழுதப்பட்டது. 2016-ன் சட்டமோ எல்லோரையும் உட்கொள்ளும் கல்வியை வலியுறுத்தி, அக்கம்பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற தேர்வைக் குழந்தையிடம் விடுகிறது. தேர்வு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சாய்தளம் இல்லாத பள்ளி, உபயோகிக்க முடியாத கழிப்பறை, நாற்பது பிள்ளைகளோடு திணறும் ஆசிரியை, ‘இவனை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வது’ என்று கேட்காமல் கேட்கும் முகங்கள். இவற்றுக்கு எதிரே ஒரு தாய் வீட்டுக் கல்விக்கான தாளில் கையெழுத்திட்டால் அதைத் தேர்வு என்று எந்த அர்த்தத்தில் சொல்வது? வாரம் ஒருமுறை ஆசிரியர் வந்துபோகிற வீடு பள்ளியாகிவிடாது. பதிவேட்டில் மட்டும் அந்தக் குழந்தை பள்ளியில் இருக்கும்.

எண்ணிக்கையும் ஒரு கதை சொல்கிறது. 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம், சிறப்புப் பள்ளிகளில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர், புத்தி வளர்ச்சிக் குறைவோ ஆட்டிசமோ உள்ளவர்கள் ஐந்து பேருக்கு ஓர் ஆசிரியர், கண்ணும் காதும் இரண்டும் இல்லாதவர்கள் இரண்டு பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை இடைக்கால அளவாக ஏற்றது. நல்ல தீர்ப்பு. ஹெலன் கெல்லர் இங்கே பிறந்திருந்தால் ஆன் ஸல்லிவனை இன்னொரு குழந்தையோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்தப் பங்குகூட எங்கே கிடைக்கிறது என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டின் சிறப்பாசிரியர்கள் பல வருஷங்களாகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்கு 2024-25-ல் மத்திய அரசு தரவேண்டிய 2,152 கோடி ரூபாய் அரசியல் தகராறில் நின்றுபோனபோது, அந்தத் தொகையின் ஒரு மூலையில் இவர்களுடைய சம்பளமும் இருந்தது. டில்லியும் கோட்டையும் மோதிக்கொள்ளும் கொள்கைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்த மூலையைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

ஸல்லிவனைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1887 மார்ச் 3-ந் தேதி இருபது வயதில் அவர் ஹெலனின் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்க் குழாயடியில் கையில் எழுதிய சொல் குழந்தைக்குள் விழுந்த காட்சியை உலகம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1900-க்கும் 1904-க்கும் இடையில் நடந்தது. ராட்க்ளிஃப் கல்லூரியின் வகுப்பில் மற்ற மாணவிகளுக்கு நடுவே ஹெலன் உட்கார்ந்திருக்கிறார், ஸல்லிவன் பக்கத்தில் உட்கார்ந்து பேராசிரியர் சொல்வதை அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே இருக்கிறார். ஒருவருக்கொருவர் போதனை அதன் முழு அர்த்தத்தை அடைவது அங்கேதான். கை ஒருவருடையது, இடம் எல்லோருடையது.

திண்ணையிலும் இதுவே இருந்தது. பிடித்த விரல் ஒன்று, ஆனால் இருபது பேர் சூழ்ந்த திண்ணை. அந்தப் பையன் தன் பாடத்தோடு தனியே இருந்தான், தனியனாக இல்லை. வகுப்பு இந்த இரண்டையும் பிளந்துவிட்டது. இன்று அரசு ஒரு பாதியை ஓர் இடத்திலும் மறுபாதியை வேறோர் இடத்திலும் தருகிறது. பள்ளிக்கு வந்த குழந்தைக்கு இடம் உண்டு, கை இல்லை. வீட்டில் இருக்கும் குழந்தைக்கு எப்போதாவது கை உண்டு, இடம் இல்லை. ஒன்றியங்களில் உள்ள ஆயத்த மையங்கள், தாய்க்கும் குழந்தைக்கும் தரப்படும் போக்குவரத்துப் படி முதலியவை இந்தப் பிளவைச் சற்றே மூட முயல்கின்றன என்பதையும் சொல்லியாகவேண்டும். வீட்டுக்குப் போவதே தவறு என்பது என் வாதமில்லை. படுக்கையைவிட்டு எழமுடியாத குழந்தை இருக்கிறது, அதற்கு வீட்டுக்கு வருகிறவர்தான் பள்ளி. மற்றவர்களுக்கு வீடு ஒரு வழியில் நடுவே வரும் இடமாக இருக்கவேண்டும். எப்போது, எந்தப் பள்ளிக்கு, யார் துணையோடு என்ற கேள்வி வருஷாவருஷம் அந்தக் கோப்பில் திறந்தே இருக்கவேண்டும்.

இந்தச் சாலையின் மறுகோடியில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவரைப் பற்றிக் குருபரம்பரை ஒரு கதை சொல்கிறது. மந்திரத்தின் பொருளைக் கேட்க ராமானுஜர் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். யாருக்கும் சொல்லலாகாது என்ற நிபந்தனையோடு நம்பி அவருக்கு அதை உபதேசித்தார். வாங்கிக்கொண்டவர் கோபுரத்தின்மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னார். இதைப் பக்தியின் கதையாகவும் சமத்துவத்தின் கதையாகவும் கேட்டுச் சலித்திருக்கிறோம். போதனையின் கதையாக ஒருமுறை கேட்கலாம். ஒரு காதுக்குள் சொன்னால்தான் ஏறும் விஷயங்கள் உண்டு என்பதை ராமானுஜர் மறுக்கவில்லை, பதினெட்டு முறை நடந்தவர் அதை அறிந்தவர். அவர் மறுத்தது, அந்தக் காது இன்னார் காதாக மட்டுமே இருக்கவேண்டும் என்பதையும், கேட்டது அங்கேயே பூட்டிக் கிடக்கவேண்டும் என்பதையும். நம் கல்விச் சரித்திரம் கோபுரத்திலிருந்து கூவுவதைக் கற்றுக்கொண்டது, அதற்கு ஒலிபெருக்கியும் வைத்தது. நடந்து போய்ப் பக்கத்தில் உட்காருவதை மறந்துவிட்டது. இப்போது உட்கார ஒருவரை அனுப்புகிறது, மாதச் சம்பளம் நிச்சயமில்லாமல், ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையில். அவர் பிடிக்கிற விரல் என்றைக்காவது மற்ற விரல்களுக்கு நடுவில் போய்ச் சேருமா என்பதை அவருடைய வருகைப் பதிவேடு சொல்லாது. பள்ளியின் கதவில் நின்று பார்த்தால் தெரியும்.